பதிப்பும் பொதியும்: தமிழாய்வுக் கணினிகளுக்கான இயங்குதளப் படிமமும் பொதி மேலாண்மையும் – காரைக்காலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சொல்லடைவு, தொடரடைவு, ஒளிவழி எழுத்துணரி, பழைய குறியேற்றங்களின் மாற்றம் எனத் தமிழாய்வின் பல பணிகள் இன்று கணினியின் இயங்குதளத்தைச் சார்ந்தே நடைபெறுகின்றன. ஆய்வகத்துக்கெனத் தனியே உருவாக்கிய இயங்குதளப் படிமத்தில் பொதி மேலாளியை நிறுவுவதும் பராமரிப்பதும் எவ்வாறு என்பதை டெபியன் வழி அமைப்புகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. காரைக்கால் போன்ற சிறு நிலப்பகுதியின் தேவைகள் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகின்றன. பொதிப் பதிவேடு ஆய்வுச் சான்றின் ஒரு பகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: பொதி மேலாளி, இயங்குதளப் படிமம், டெபியன், பாஸ் லினக்ஸ், அகரவரிசை, காரைக்கால்

முன்னுரை

ஒரே நூலின் சொல்லடைவை ஒரே நிரலைக் கொண்டு இரு கணினிகளில் உருவாக்கினால் இரு வேறு வரிசைகள் கிடைக்கக்கூடும். நிரலில் பிழையில்லை, மூலபாடத்திலும் மாற்றமில்லை. வேறுபாடு அடியில் இருக்கும் இயங்குதளத்தின் நூலகப் பொதிகளில் உள்ளது. லினக்ஸ் அமைப்புகளுள் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமான ஜிலிப்சி நூலகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட 2.28 பதிப்பில் தன் வரிசைப்படுத்தல் தரவு முழுவதையும் ஐஎஸ்ஓ 14651 தரத்தின் 2016ஆம் ஆண்டு வடிவத்துக்கு மாற்றியது. டெபியன் 9இல் இருந்தது 2.24, 2019 ஜூலையில் வெளிவந்த டெபியன் 10 புதிய 2.28ஐக் கொண்டுவந்தது. இம்மாற்றத்தால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்களின் சுட்டுவரிசைகள் குலைந்தமை கணினித் துறையினரிடையே பெரிதும் பேசப்பட்டது. தமிழாய்வாளரிடையே அது பேசப்பட்டதாகத் தெரியவில்லை. அகரவரிசையையே கருவியாகக் கொண்ட துறை தமிழ் அகராதியியல் என்பதை எண்ணினால் இம்மௌனம் வியப்புக்குரியது.

சுவடிப் பதிப்பில் எந்தப் பிரதியைக் கொண்டு பாடம் தீர்மானிக்கப்பட்டது எனக் குறிப்பிடாத பதிப்பாசிரியரை யாரும் ஏற்பதில்லை. கணினிவழி ஆய்வில் எந்தப் பொதியின் எந்தப் பதிப்பைக் கொண்டு முடிவு எட்டப்பட்டது என்று கேட்கும் வழக்கம் இன்னும் உருவாகவில்லை. மென்பொருளின் ‘வெர்ஷன்’ என்பதைத் தமிழில் ‘பதிப்பு’ என்றே வழங்கிவருவது இவ்விடத்தில் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

படிமமும் பொதியும்

இயங்குதளப் படிமம் என்பது நிறுவி முடித்த ஒரு கணினியின் வட்டுநிலையை அப்படியே எடுத்த நகல். ஆய்வகத்தில் 20 கணினிகள் இருப்பின் ஒன்றை மட்டும் செம்மையாக அமைத்து, அதன் படிமத்தை ஏனையவற்றில் இறக்குவது வழக்கம். ‘இமேஜ் போடுவது’ எனக் கணினி பழுதுபார்ப்போர் வழங்குவது இதனையே. பேக்கேஜ் எனப்படும் பொதி என்பது ஒரு மென்பொருளின் கோப்புகள், அதன் பதிப்பெண், அது சார்ந்து நிற்கும் பிற பொதிகளின் பெயர்கள், நிறுவும்போது இயங்க வேண்டிய சிறு நிரல்கள் ஆகியவற்றை ஒருங்கே கட்டிய ஒரு மூட்டை. அதனைக் களஞ்சியத்திலிருந்து பெற்று, சார்புகளை நிறைவுசெய்து, நிறுவி, பதிவேட்டில் எழுதிவைப்பது பொதி மேலாளி.

டெபியன் திட்டத்தை இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கினார். அதன் அடிப்படைக் கருவியான டிபிகேஜி தனிப் பொதியை நிறுவவும் நீக்கவும் வல்லது. அதன் மேலமைந்த ஏபிடி, 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 முதல், களஞ்சியத்தை அணுகிச் சார்புகளைத் தீர்க்கும் பணியை ஏற்றது. இவ்விரண்டின் வேறுபாட்டை நினைவில் கொள்வது நன்று. பதிவேட்டை வைத்திருப்பது டிபிகேஜி. ‘வார்’ அடைவின்கீழ் உள்ள நிலைக்கோப்பு ஒன்றில் ஒவ்வொரு பொதியின் பெயரும் பதிப்பும் நிலையும் எளிய உரையாக எழுதப்பட்டிருக்கும். அக்கோப்பு அழிந்தால் கணினி தொடர்ந்து இயங்கும். ஆனால் தன்னுள் என்ன இருக்கிறது என்பதை அது அறியாது.

தனிப்படிமங்களில் நேரும் பெரும்பாலான சிக்கல்கள் இவ்வறியாமையிலிருந்தே தோன்றுகின்றன. எழுத்துருக் கோப்பை எங்கிருந்தோ எடுத்து எழுத்துரு அடைவில் நேரே இடுதல், மூலநிரலைத் தொகுத்துப் பொதுவடைவில் நிறுவுதல், வேறொரு கணினியின் நூலகக் கோப்பை நகலெடுத்து ஒட்டுதல் ஆகியவை எல்லாம் பதிவேட்டுக்குப் புறம்பானவை. படிமத்தைக் குறைந்த அளவில் அமைக்க விரும்புவோர் பொதி மேலாளியையும் அதன் பதிவேட்டையும் முற்றாக நீக்கிவிடுவதும் உண்டு. வீட்டுக்கருவிகளிலும் வலைப்பின்னல் பெட்டிகளிலும் இது முறையானதே. ஐந்தாண்டுகள் பயன்படவேண்டிய ஆய்வகக் கணினிக்கு அது பொருந்தாது.

தமிழ்நாட்டுப் பட்டறிவு

தமிழ்ச்சூழலில் தனிப்படிமம் பேரளவில் பயன்பட்டமைக்குச் சான்று பாஸ் லினக்ஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்னும் இதனைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி உருவாக்கி, 2007இல் முதன்முதலாக வெளியிட்டது. இந்திய மொழிகளில் இடைமுகம், தட்டச்சு, எழுத்துரு ஆகியவை முன்கூட்டியே அமைந்திருப்பது அதன் சிறப்பு. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்க்கு வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸைத் தன் பணிகளில் கொண்டுவந்திருந்தது. சூசி ஆர்பிஎம் வகைப் பொதிகளைக் கொண்டது. பாஸ் டெப் வகையைக் கொண்டது. ஆகவே ஒரே மாநிலத்தில், ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில், இரு பொதிமரபுகள் புழங்கின.

இத்தகைய பேரளவுப் படிமத்தில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மடிக்கணினி மாணவர் கைக்குச் சென்றபின் அதன் படிமத்தைத் திரும்பப் பெற்று மாற்ற இயலாது. அதனைப் புதுப்பிக்கும் ஒரே வழி பொதி மேலாளி. அது செயல்பட மூன்று தேவை: களஞ்சியம் அதே முகவரியில் நிலைத்திருத்தல், கையொப்பத் திறவி காலாவதியாகாதிருத்தல், பயனர்க்கு இணைய இணைப்பு இருத்தல். இவற்றுள் எதுவொன்று தவறினாலும் படிமம் பிறந்த நாளின் நிலையிலேயே உறைந்துவிடும். டெபியனே தன் நிலைப்பதிப்பு ஒவ்வொன்றையும் 3 ஆண்டு நேரடியாகவும் மேலும் 2 ஆண்டு நீள்ஆதரவுக் குழுவின் வழியாகவும் பேணிய பின்னர், அதன் பொதிகளைப் பழஞ்சேமிப்புக் களஞ்சியத்துக்கு மாற்றிவிடுகிறது. பழைய முகவரியை நம்பியிருக்கும் படிமம் அதன்பின் எந்தப் பொதியையும் பெற இயலாது. முகவரியை மாற்றியமைத்தால் பழம்பொதிகள் கிடைக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கா. வழிமரபுப் படிமங்கள் தம் தாய்க்களஞ்சியத்தின் காலக்கணக்கையும் சேர்த்தே திட்டமிட வேண்டியிருப்பது இதனாலாகும்.

தமிழாய்வு சார்ந்துநிற்கும் பொதிகள்

முதலில் அகரவரிசை. ஒருங்குறியின் தமிழ்ப்பகுதியில் குறியெண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. ஆய்தம் அகரத்துக்கு முன் நிற்கிறது. ‘ந’வை அடுத்து ‘ன’ வருகிறது. நெடுங்கணக்கின் ‘ர, ல, வ, ழ, ள, ற’ என்னும் முறை குறியெண்ணில் ‘ர, ற, ல, ள, ழ, வ’ என அமைகிறது. ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் இடையே ‘ஜ’ புகுந்துள்ளது. புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகள் பலவற்றுக்கும் பின்னதாதலால், ‘பக்கம்’ என்னும் சொல் ‘பகல்’, ‘பகிர்வு’ ஆகியவற்றுக்குப் பின்னே தள்ளப்படும். மெய்யை உயிர்மெய்க்கு முன் வைக்கும் அகராதி மரபோ இதற்கு நேர்மாறானது. இக்குறையைத் தீர்ப்பது வட்டார அமைவுத் தரவு. அது ஜிலிப்சியோடு வரும் பொதியில் உள்ளது. உலாவியும் அலுவலகச் செயலிகளும் பயன்படுத்தும் ஐசியூ நூலகம் தனக்கெனத் தனி வரிசைத்தரவு கொண்டது. படிமத்தைச் சிறிதாக்கும் நோக்கில் வட்டார அமைவுப் பொதியை விட்டுவிட்டால், வரிசைப்படுத்தும் கட்டளை எச்சரிக்கை ஏதுமின்றிக் குறியெண் வரிசைக்குத் திரும்பிவிடும். ஆய்வாளர் தம் அட்டவணையைக் கண்ணால் சரிபார்த்தாலன்றி இதனை அறிய வழியில்லை.

அடுத்தது எழுத்துரு. தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் அடங்கிய 51 வரியுருக்கள் 2019 மார்ச்சில் ஒருங்குறி 12.0இல் ‘தமிழ்த் துணைப்பகுதி’யாகச் சேர்க்கப்பட்டன. முந்திரி, காணி, மா முதலியவற்றைக் கொண்ட கணக்குச் சுவடிகளையும் நிலவரிக் கணக்குகளையும் உள்ளீடு செய்வோர்க்கு இது பெரும் பேறு. ஆனால் அதற்கு முந்தைய எழுத்துருப் பொதிகள் மட்டும் உள்ள படிமத்தில் இவ்வரியுருக்கள் வெற்றுக் கட்டங்களாகவே தோன்றும். நோட்டோ எழுத்துருத் தொகுதியின் புதிய பொதி இருப்பின் சிக்கல் தீரும். 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றமான டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்த பின்னரும், டேஸ் ஆவணங்களைப் படிக்கத் தனி எழுத்துரு வேண்டியிருப்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

மூன்றாவது, பழைய குறியேற்றங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்பதிப்புகள் உட்படப் பல ஆவணங்கள் திஸ்கி குறியேற்றத்தில் அமைந்தவை. திஸ்கியை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கூறு ஜிலிப்சி நூலகத்திலேயே உண்டு என்பது தமிழாய்வாளர் பலர் அறியாதது. ஃபெடோரா போன்ற சில வழங்கல்களில் அத்தகைய அரிய மாற்றிகள் தனிப்பொதியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அப்பொதி இல்லாத சிறுபடிமத்தில் மாற்றுக் கட்டளை திஸ்கி என்னும் பெயரையே அறியாது. ஒரு தலைமுறையின் மின்னுரைகள் படிக்க இயலுமா இயலாதா என்பது சில மெகாபைட்டு இடத்தைச் சேமிக்கும் ஒரு முடிவைப் பொறுத்ததாகிவிடுகிறது.

எழுத்துணரியின் நிலையும் இதுவே. டெசராக்ட் 2018 அக்டோபரில் வெளியிட்ட 4.0 பதிப்பில் நரம்பியல் வலை அடிப்படையிலான புதிய பொறியைக் கொண்டுவந்தது. டெபியன் 9இல் உள்ள 3ஆம் வரிசைப் பதிப்பும் டெபியன் 10இல் உள்ள 4ஆம் வரிசைப் பதிப்பும் ஒரே அச்சுப்பக்கத்தை ஒரேமாதிரி வாசிப்பதில்லை. பிழைவீதம் பற்றிய ஆய்வேடு பொறியின் பதிப்பையும் தமிழ்ப் பயிற்சித்தரவுப் பொதியின் பதிப்பையும் குறிப்பிடாவிடில் அதன் எண்கள் ஒப்பிடத்தக்கன அல்ல.

காரைக்காலின் தேவை

காரைக்கால் 1739 முதல் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்து, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும் 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு நிலத்துண்டுகளுள் இது ஒன்று. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் வழங்குவன. மாகே மலையாளமும் ஏனாம் தெலுங்கும் வழங்குவன. நான்கிலும் பிரெஞ்சு ஆவணங்கள் உள்ளன. ஒரே நிருவாகம் நான்கு மொழித்தேவைகளுக்கு நான்கு படிமங்களை உருவாக்குமாயின், ஒவ்வொரு திருத்தத்தையும் நான்கு முறை செய்ய நேரும்; ஓராண்டுக்குள் நான்கும் நான்கு கிளைகளாகப் பிரிந்துவிடும். பிரதிகள் பெருகுந்தோறும் பாடபேதம் பெருகுவது பதிப்பியல் அறிந்தோர்க்குப் புதிதன்று.

இதற்கு மாற்று, அடிப்படைப் படிமம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மொழித்தேவைகளைத் தொகைப்பொதிகளாக அமைப்பது. தொகைப்பொதி தன்னுள் கோப்பு எதனையும் கொள்ளாது. பிற பொதிகளின் பெயர்களைச் சார்புகளாகக் கொள்வது மட்டுமே அதன் பணி. டெபியனின் ஈக்விவ்ஸ் என்னும் சிறுகருவி இத்தகைய பொதியைச் சில வரிகளில் உருவாக்கித் தரும். காரைக்காலுக்கான தொகைப்பொதி தமிழ் வட்டார அமைவு, லோகித், நோட்டோ எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகையை உட்கொண்ட எம்17என் உள்ளீட்டுத் தரவு, டெசராக்ட்டின் தமிழ், பிரெஞ்சுப் பயிற்சித்தரவுகள் ஆகியவற்றைச் சுட்டும். பிரெஞ்சுத் தரவு இங்கே அணிகலன் அன்று. காரைக்காலைக் ‘காரிகால்’ என எழுதிய ஆவணங்களில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் பிரெஞ்சு ஒலிமரபில் அமைந்துள்ளன. இருமொழித் தரவையும் சேர்த்து இயக்கினாலன்றி எழுத்துணரி அவற்றைச் சிதைக்கும். மாகே, ஏனாம் ஆகியவற்றின் தொகைப்பொதிகள் இதே அமைப்பில் மலையாள, தெலுங்குப் பொதிகளைச் சுட்டினால் போதும்.

களஞ்சியம் எங்கே இருப்பது என்பது அடுத்த வினா. ஒவ்வொரு கணினியும் தொலைவிலுள்ள வழங்கியை நேரே நாடுவது வீண்செலவு. கடலோரக் காவிரிப்படுகையில் அது இடர்ப்பாடும் ஆகும். காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் இப்பகுதியின் மின்தடங்களையும் தொடர்பையும் எவ்வாறு நிலைகுலைத்தது என்பதை எவரும் மறந்திருக்க இயலாது. கேட்கப்பட்ட பொதியை மட்டும் சேமித்துவைக்கும் இடைவழங்கி ஒன்றை ஆய்வகத்திலேயே வைப்பது எளிய வழி. ஏபிடி-கேச்சர்-என்ஜி இதற்கு உதவும். தேர்ந்த பொதிகளை நாள் குறித்த நிலையில் உறையவைத்து வெளியிடும் ஆப்ட்லி போன்ற கருவி ஆய்வுக்கு இன்னும் உகந்தது. 2010இல் தொடங்கப்பட்டு, இப்போது திருவேட்டக்குடியில் இயங்கும் புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம், பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகம், அரசுக் கல்லூரிகள் ஆகியவை ஒரே மாவட்டத்தில் அருகருகே இருப்பதால், ஒரு நகல் களஞ்சியம் அனைத்துக்கும் போதுமானது.

நிறுவலும் பராமரிப்பும்

படிமத்தை நிறுவிய கணினியிலிருந்து நகலெடுப்பதைக் காட்டிலும், டெபூட்ஸ்டிராப் கருவியைக் கொண்டு வெற்று அடைவிலிருந்து கட்டி, தொகைப்பொதியை அதில் நிறுவுவது நன்று. கட்டும் முறை முழுவதும் சிறு உரைக்கோப்பாக எஞ்சுமாதலால், படிமம் தொலைந்தாலும் அதனை மீண்டும் உருவாக்கலாம். நகலெடுத்தே தீரவேண்டிய சூழலில், கணினியின் தனி அடையாள எண்ணையும் தொலைநுழைவுத் திறவிகளையும் படிமத்திலிருந்து நீக்கிவிட வேண்டும். இல்லையேல் 20 கணினிகளும் ஒரே அடையாளத்தோடு வலைப்பின்னலில் தோன்றும்.

நம்பகத்தன்மை ஒரு சங்கிலியாக அமைகிறது. களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு கையொப்பமிடப்பட்டது. அதனுள் பொதிப்பட்டியலின் சரிபார்ப்பெண் உண்டு. பட்டியலினுள் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பெண் உண்டு. ஆகவே திறவி ஒன்றை நம்பினால் களஞ்சியம் முழுவதையும் சோதிக்க முடிகிறது. உள்ளூர்க் களஞ்சியத்தின் திறவியை அனைத்துக் களஞ்சியங்களுக்கும் பொதுவான திறவிக்கோவையில் இடாமல், அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் உரியதாகக் குறிப்பிடுதல் வேண்டும். கையொப்பச் சோதனையை முடக்கிவைத்தால் நிறுவுதல் எளிதாகும் என்னும் அறிவுரை பரவலாகக் கிடைக்கிறது, ஏற்கத்தக்கதன்று.

சில வேளைகளில் பிழை எதிர்பாராத இடத்தில் இருக்கும். தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்த பழைய கணினி, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பல ஆண்டுகள் பின்னோக்கிய நாளைக் காட்டும். அப்போது வெளியீட்டுக் கோப்பு எதிர்காலத்தில் எழுதப்பட்டதாகக் கருதி ஏபிடி அதனை மறுத்துவிடும். களஞ்சியத்தையும் திறவியையும் ஆராய்வதற்கு முன் கடிகாரத்தைப் பார்ப்பது நேரத்தை மிச்சமாக்கும்.

இரு களஞ்சியங்களில் ஒரே பொதியின் இரு பதிப்புகள் இருப்பின் எது தேரப்பட வேண்டும் என்பதை முன்னுரிமை எண்கள் தீர்மானிக்கின்றன. இயல்பான களஞ்சியத்துக்கு 500. இலக்குப் பதிப்பாகக் குறித்ததற்கு 990. 1000க்கு மேற்பட்ட எண் தந்தால் நிறுவியதைக் காட்டிலும் பழைய பதிப்புக்கும் திரும்பலாம். நடந்துகொண்டிருக்கும் ஆய்வின் இடையில் எழுத்துணரிப் பொதி மாறிவிடாதிருக்க அதனை நிறுத்திவைக்கலாம். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்களையும் சேர்த்து நிறுத்துவது தவறு. நிறுத்திவைத்த பொதிகளின் பட்டியலை ஆய்வு முடிந்ததும் விடுவிக்க வேண்டும். தொகைப்பொதியைக் கவனக்குறைவாக நீக்கினால், அதன் சார்புகளாக வந்த எழுத்துருக்களும் தரவுகளும் உரிமையற்றவையாகக் கருதப்பட்டு, தானியங்கு நீக்கத்தில் ஒருசேரப் போய்விடும் என்பதையும் பராமரிப்போர் அறிந்திருத்தல் நலம்.

பைதான் நூலகங்கள் தனிச்சிக்கல். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் யாதெனப் பைதானைக் கேட்டால் 5 என விடை வரும். அது குறியெண்களின் எண்ணிக்கை. எழுத்து மூன்றே எனக் கணக்கிடுவதற்கு ஓப்பன்-தமிழ் போன்ற நூலகம் தேவை. அது பைதானுக்கே உரிய பிப் என்னும் வேறொரு மேலாளியின் வழியே பெரும்பாலும் பெறப்படுகிறது. இரு மேலாளிகள் ஒரே அடைவில் எழுதினால் பதிவேடு பொய்யாகும். 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 முதல், அமைப்பின் பொதுவடைவில் பிப் எழுதுவது தடுக்கப்பட்டுள்ளது. ஆய்வுக்கெனத் தனிச்சூழல் ஒன்றை உருவாக்கி அதில் நிறுவுமாறு அறிவுறுத்தப்படுகிறது. தடையை மீறும் வழியும் அதே அறிவிப்பில் உள்ளது. ஆய்வகங்களில் அதனைக் கையாளாதிருப்பதே முறை.

பதிவேட்டைச் சான்றாக வைத்தல்

நிறுவிய பொதிகளின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரே கட்டளையில் உரைக்கோப்பாக எடுக்கலாம். மற்றொரு கட்டளை, நிறுவிய பின் மாற்றப்பட்ட கோப்புகளைச் சரிபார்ப்பெண் கொண்டு காட்டும். சொல்லடைவோ பிழைவீத அட்டவணையோ உருவாக்கிய நாளில் இவ்விரு பட்டியல்களையும் எடுத்து, தரவோடு சேர்த்துவைப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். டெபியன் திட்டம் 2005 முதலான தன் களஞ்சியத்தின் நாள்வாரி நிலைகளை ஸ்னாப்ஷாட் என்னும் சேமிப்பில் பேணிவருகிறது. பட்டியலும் நாளும் இருப்பின், பத்தாண்டு கழித்து மற்றோர் ஆய்வாளர் அதே பொதிகளை அங்கிருந்து பெற்று, அதே படிமத்தைக் கட்டி, அதே சொல்லடைவை உருவாக்கிப் பார்க்க இயலும். உள்ளூர்க் களஞ்சியத்தில் மட்டும் இருந்த தொகைப்பொதிகள் அச்சேமிப்பில் இரா. அவற்றின் மூலக்கோப்புகளைத் துறையே பேண வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பயன்படுத்திய சுவடிகளின் பட்டியலை அடுத்து இப்பொதிப்பட்டியலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு துறைகள் விதி வகுக்கலாம். நூலகத்தில் ஒப்படைக்கும் குறுவட்டில் படிமத்தைக் கட்டும் உரைக்கோப்பையும் தொகைப்பொதிகளின் மூலத்தையும் இணைத்தல் அதற்கு அடுத்த படி.